கழுத்து நின்னாச்சா

பொதுவாக மனிதர்கள் ஒருவரைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பார்கள். பெண்ணாக இருந்தால் கழுத்தில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பார்கள். எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த நர்ஸம்மா கழுத்தை மட்டும் பார்ப்பார். நிற்கிறதா, ஆடுகிறதா என்று. பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். பெரியவர்களிடமும் அதை விடவில்லை.

தென்காசியில் கோயிலுக்குத் தெற்கே எங்கள் தெரு. எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து அவர் அங்கே புதன்கிழமைதோறும் வந்தார். சுகாதார நிலையத்து நர்ஸ். கையில் குடை, மற்றக் கையில் தடுப்பூசிப் பெட்டி, இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. அது குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் வழியில் இருந்த ஒரு பங்களாவின் சாவிக்கொத்து. பங்களாக்காரர்கள் இலத்தூர்ப் பக்கத்துப் பழைய மிராசுக் குடும்பம். மெட்ராஸில் குடியேறி, சீசனுக்கு மட்டும் வந்து அருவியில் தலையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மற்ற நாளில் பின்கட்டில் குடியிருந்துகொண்டு பங்களாவைப் பார்த்துக்கொள்வது நர்ஸம்மா. அந்தச் சாவிகள் கதவைத் திறந்ததைவிடப் பிள்ளைகளைத் திருப்பியதுதான் அதிகம். காதோரம் குலுக்குவார். பிள்ளை திரும்பும். சாவியை இரண்டடி தள்ளித் தரையில் வைப்பார். பிள்ளை அதைப் பிடிக்கப் பாடுபடும். அந்தம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்.

அரசாங்கம் ஊசிக் கணக்கு எழுத ஒரு நீள நோட்டுக் கொடுத்திருந்தது. அதில் பின்பக்கத்திலிருந்து இவர் சொந்தமாக ஏழு கட்டம் போட்டிருந்தார். கழுத்து, குப்புற, உட்கார, தவழ, வாசப்படி, பிடித்து நடை, தனி நடை. தென்காசியில் பிறந்த பிள்ளை எதுவும் தன்னைக் கேட்காமல் குப்புற விழாது என்று அவருக்கு ஒரு எண்ணம். பிள்ளை தவழ்ந்து வாசப்படி தாண்டினால் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எந்த வீட்டில் அவித்தாலும் நர்ஸம்மாவுக்கு நாலு உண்டு. தின்றுகொண்டே, தேங்காய் போதாது என்று குறை சொல்லுவார்.

என் மகனுக்கு எட்டு மாதம் ஆகியும் தவழவில்லை. நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கீழயே விடாம வளத்திருக்கியோ. உனக்கு இடுப்பு நல்லா வளந்திருக்குட்டி. அவனுக்குத்தான் ஒண்ணும் வளரல. இறக்கி விடு."

பங்களாக்காரர் வீட்டுப் பேரன் கதை இன்னும் மோசம். பத்து மாதத்துப் பிள்ளை, சீசனுக்கு வந்திருந்தான். ஆசாரி மூளையில் உதித்ததெல்லாம் அவன் உடம்பில் கிடந்தது. காப்பு, தண்டை, அரைஞாண், இரண்டு சங்கிலி. தவழவில்லை என்று மெட்ராஸில் பெரிய பெரிய டாக்டரிடம் காட்டி, டானிக் வாங்கி, அருவித் தண்ணீரும் தெளித்துப் பார்த்துவிட்டார்கள். இவர் போய், "நகையக் கழத்திட்டுத் தரையில விடுங்க. பிள்ளை தவழும். நகை பெட்டியில இருக்கட்டும், அது தவழாது" என்றாராம். மூன்றாம் நாள் பிள்ளை பங்களாக் கூடத்தைக் கடந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த வீட்டுப் பெரியவருக்கு இவர் வாக்குத்தான் வேதம்.

பெரியவர்களுக்கும் அதே ஏழு கட்டம்தான். அவருடைய ஆபீசர் ஃபைலை விட்டு எழுந்திருக்காத மனிதர். "உக்காந்தாச்சு. அதோட நின்னு போச்சு. இனிமே தவழ மாட்டாரு" என்பார். யூனியன் ஆபீஸ் திறப்பு விழாவில் மந்திரி திரும்பிய பக்கமெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்த ஒரு பிரமுகரைக் காட்டி, "அந்தாளுக்கு இன்னும் கழுத்து நிக்கல பாரு" என்றார். சாராயத்தைப் போட்டுவிட்டுச் சாக்கடையோரம் கிடந்தவனைத் தாண்டிப் போகும்போது, "குப்புற விழுந்தாச்சு. இனி தலையைத் தூக்கணும்" என்றார். என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வேலை பார்த்தார். அவருடைய அம்மாவைக் கேட்காமல் ஒரு பல்புகூட மாற்ற மாட்டார். "உங்க வீட்டுக்காரர் பிடிச்சுட்டு நிக்காவ. விட்டா விழுந்துருவாவ" என்று அவர் எதிரிலேயே சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்தார். நான் சிரித்தேன். மற்றவர்களை அளக்கும்வரை யாருக்கும் சிரிப்பு வரும்.

எங்கள் வீட்டில் அப்போது புதிதாகச் சிவப்புத் தரை போட்டிருந்தோம். தெருவில் அதுதான் முதல் சிவப்புத் தரை. அதனால் புதன்கிழமைகளில் எங்கள் கூடம்தான் நர்ஸம்மாவின் மைதானம். தெருப் பிள்ளைகளெல்லாம் அதில் வந்து விழும், தவழும், ஒன்றுக்குப் போகும். துடைத்துவிட்டு, அதையும் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொள்வேன்.

அப்படி இருக்கும்போதுதான் உலகம்மாளின் விஷயம் வந்தது. எண்பதுகளின் கடைசி. எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய முடுக்குக்கு அந்தப் பக்கம், சைக்கிள் கடை அண்ணாச்சி வீடு. உலகம்மாள் அவருடைய ஒரே மருமகள், கீழப்பாவூர்ப் பெண். புருஷன் பம்பாயில் வேலை பார்த்து, உடம்பு கரைந்து ஊருக்கு வந்து செத்துப்போனான். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. அவள் ரத்தத்தை எடுத்து எங்கேயோ அனுப்பிப் பார்த்தார்கள். சீட்டு இங்கிலீஷில் வந்தது. அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது. டீக்கடைக்குக் கொண்டுபோய், பென்ஷன் வாங்குகிற ஒருவரிடம் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். எய்ட்ஸ் என்ற வார்த்தையை அதற்கு முன்னால் எங்கள் தெரு பத்திரிகையில்தான் பார்த்திருந்தது. டீ ஆறுவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

பிள்ளை ஆனி மாதம் பிறந்தது. பெண். குற்றாலத்து அம்மன் பேரை வைத்து, குழல்வாய்மொழி. உலகம்மாள் குழல் என்று கூப்பிட்டாள். தாயையும் பிள்ளையையும் கொல்லையில் இருந்த விறகுப்புரைக்குள் வைத்தார்கள். அதற்கு முடுக்கைப் பார்த்து ஒரு வாசல், முற்றத்தைப் பார்த்து ஒரு கதவு. உலகம்மாள் நாள் முழுக்க மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றினாள். மாமியார் அதைத் தான் சுற்றியதாகத் தன் பீடிக் கார்டில் எழுதிப் பீடிக் கடையில் போட்டார். அவள் தொட்ட செம்பில் தண்ணீர் குடிக்காத தெரு, அவள் சுற்றிய பீடியை வாயில் வைத்து இழுத்தது.

பிள்ளைக்கு நோய் இருக்கிறதா என்பது ஒன்றரை வயதுக்கு அப்புறம்தான் நிச்சயமாகத் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணாச்சிக்கு அதுவரை பொறுக்கவில்லை. அவரே ஒரு பரீட்சை கண்டுபிடித்தார். நோய் இல்லாத பிள்ளை காலாகாலத்தில் நடக்கும், நோய் இருந்தால் நடக்காது.

"ஆடி அமாவாசைக்கு என் மவனுக்குத் திதி கொடுக்கணும். அதுக்குள்ள பிள்ளை காலூனி நடந்தா இருக்கட்டும். இல்லன்னா ரெண்டு பேரும் கீழப்பாவூருக்குக் கிளம்பிரட்டும்" என்றார்.

கீழப்பாவூரில் அவளுடைய அண்ணன் ஏற்கெனவே ஆள் அனுப்பியிருந்தான், வர வேண்டாம் என்று. ஆகவே கிளம்பினால் போவதற்கு இடம் இல்லை. இது அண்ணாச்சிக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாங்கள் அந்தப் பரீட்சையை நியாயமானது என்றே பேசிக்கொண்டோம்.

பரீட்சை வைத்தவர்கள் பிள்ளையைத் தரையில் விட விடவில்லை. முற்றத்தில் விட்டால் எச்சில் படும் என்று மாமியார் கத்துவார். புரைக்குள்ளே தரை குண்டும் குழியும், மழைக்கு ஈரம், தேள். எனவே உத்தரத்தில் சேலைத் தொட்டில். காலையில் தொட்டில், மத்தியானம் தொட்டில், சாயங்காலம் தொட்டில்.

தை மாதத்தில் ஒரு புதன்கிழமை நர்ஸம்மா அந்தப் புரைக்குள் போனார். ஏழு மாதத்துப் பிள்ளை, தலை இன்னும் வாழைப்பூ மாதிரித் தொங்கியதை நானே கதவு வழியாகப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் கழித்து எங்கள் கொல்லைக் குழாயடிக்கு வந்து கை கழுவினார். கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாத்தீங்களா சிஸ்டர். உங்களுக்கே பயமா இருக்குல்லா."

"இருக்குட்டி. கை நடுங்குது. படிச்சதெல்லாம் தலையில இருக்கு, கைக்கு இன்னும் வந்து சேரல." குழாயை மூடினார். "ஆனா சாவியக் குலுக்கினேன் பாரு. டக்குன்னு திரும்பிப் பாத்துச்சு. கைய நீட்டிச்சு. கண்ணுக்கு வயசு ஏழு மாசம். கழுத்துக்கு மூணு மாசம். இது தொட்டில் பண்ணுன வேலை."

"நோயா இருந்தா?"

"இருக்கலாம். நோயுள்ள பிள்ளைக்கும் கை கால் மெதுவாத்தான் வரும்னு சொல்லுதாவ. இதுக்கு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தொட்டில் இருக்கது தெரியுது. நோய் இருந்தாலும் தரை வேணும், இல்லன்னாலும் தரை வேணும். புதன்கிழம உங்க கூடத்துக்குத் தூக்கிட்டு வாரேன்."

அவர் சொல்லி முடிக்கும் முன் என் வாயில் ஒரு பதில் வந்துவிட்டது. அதன் வேகத்தை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

"தரைக்கு மெழுகு போட்டிருக்கேன் சிஸ்டர். ஒரு மாசத்துக்கு யாரும் மிதிக்கக் கூடாதாம்."

நர்ஸம்மா என் கழுத்தை ஒரு பார்வை பார்த்தார். குடையை எடுத்துக்கொண்டு போகும்போது வாசலில் நின்று திரும்பினார்.

"அவ சுத்துன பீடிய உங்க வீட்டுக்காரர் தினம் இழுக்காவ. வாயிலதான வைக்காவ. மெழுகு போட்டா இழுக்காவ?"

அன்றைக்கே என் வீட்டுக்காரரிடம் பீடி பிராண்டை மாற்றச் சொன்னேன். எந்தப் பிராண்டும் இந்தப் பக்கத்துப் பெண்கள் சுற்றுவதுதான் என்று சொல்லிவிட்டு இவர் அதையே பற்றவைத்தார்.

அதன் பிறகு நர்ஸம்மா என் கூடத்தில் கால் வைக்கவில்லை. ஊசியெல்லாம் வாசலிலேயே போட்டார். ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடைத்த நாளும் உலகம்மாளையும் பிள்ளையையும் பஸ்ஸில் ஏற்றிக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனார். சீசன் இல்லாத குற்றாலத்தில் குரங்குகளுக்கே போரடிக்கும். பங்களாக் கூடம் காலியாகக் கிடந்தது. தேக்குத் தூண், வழவழவென்று தரை. உலகம்மாள் ஒரு மூலையில் உட்கார்ந்து பீடி இலை வெட்டுவாள். நர்ஸம்மா பழைய சேலையைத் திண்டாகச் சுருட்டி, பிள்ளையின் நெஞ்சுக்கடியில் கொடுத்து, குப்புறப் படுக்கவைத்து, எதிரே தானும் குப்புறப் படுத்துக்கொண்டு சாவியைக் குலுக்குவாராம். எழுபது கிலோ மனுஷி. எழுந்திருக்க ஒவ்வொரு தடவையும் உலகம்மாள் கைகொடுக்க வேண்டியிருந்ததாம். இதெல்லாம் பின்னால் உலகம்மாளே எனக்குச் சொன்னது.

மாசியில் கழுத்து நின்றது. பங்குனிக் கடைசியில் உட்கார்ந்தது. சித்திரை முழுக்கப் பின்னோக்கியே நகர்ந்ததாம். சாவியைப் பார்த்துக்கொண்டே சாவியை விட்டு விலகிப் போகும். நர்ஸம்மா, "நம்ம ஊரு முனிசிபாலிட்டி மாதிரியே போவுது" என்றாராம். வைகாசியில் முன்னால் வந்தது.

ஆனியில் சாரல் விழுந்தது, பங்களாக்காரர்கள் வந்தார்கள், கூடம் போயிற்று. அந்த வீட்டுப் பெரியவர் வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு தரையில் மல்லாந்து, "இந்த மாதிரித் தரை திருநெல்வேலிச் சீமையிலயே கிடையாது சிஸ்டர்" என்றாராம்.

"ஆமாய்யா. நல்ல தரை. ஒரு பிள்ளைக்கு முதுகு நிமிந்துட்டு" என்றாராம் இவர். யார் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. தன் பேரன் என்றே நினைத்துக்கொண்டார்.

ஆடி அமாவாசையும் வந்தது. அண்ணாச்சி குற்றாலத்தில் திதி கொடுத்து, குளித்து, ஈர வேட்டியோடு வந்து பின்வாசலுக்கு உள்ளே நின்றார். முற்றத்தில் நர்ஸம்மா, உலகம்மாள், அவள் இடுப்பில் பிள்ளை. உலகம்மாளின் டிரங்குப் பெட்டியை மாமியார் முதல் நாளே எடுத்து முற்றத்தில் வைத்திருந்தார். நான் எங்கள் கொல்லையில் துணி துவைக்கிற கல்மேல் ஏறி நின்று, முடுக்கைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மதில்களிலும் தலைகள் இருந்தன.

நர்ஸம்மா சாவிக்கொத்தை வாசப்படிக்கு உட்பக்கம், அண்ணாச்சியின் கால்மாட்டில் வைத்தார்.

"பிள்ளையக் கீழ விடு."

"முத்தத்துல விடாதட்டி" என்றார் மாமியார். உலகம்மாள் அவரைப் பார்த்தாள், நர்ஸம்மாவைப் பார்த்தாள், விட்டுவிட்டாள். கை விட்டதும் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

குழல் முற்றத்தைப் பார்த்தது. ஒரு கோழியைப் பார்த்தது. அப்புறம் சாவியைப் பார்த்தது. கிளம்பிற்று. வாசப்படியில் வயிற்றை வைத்து, ஒரு காலைத் தூக்கி, மறு காலைத் தூக்கி, அந்தப் பக்கம் விழுந்து, சாவியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

"நடக்கணும்னுதான் சொன்னேன்" என்றார் அண்ணாச்சி. "தவழ்ந்தாப் போதும்னு யாரும் சொல்லல."

பிள்ளை நிமிர்ந்து அவரைப் பார்த்தது. சாவியைப் போட்டுவிட்டு ஈர வேட்டியை இரண்டு கையாலும் பிடித்தது. பிடித்து எழுந்தது. அண்ணாச்சி பின்வாங்கப் பார்த்தார். வேட்டி முன்னால் வந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"நகராதிய அண்ணாச்சி. அவுந்துரும்" என்றார் நர்ஸம்மா.

மதில்களில் யாரோ சிரித்தார்கள். குழல் வேட்டியைப் பிடித்தபடி அவர் காலைச் சுற்றி ஒரு எட்டு வைத்தது. இன்னொரு எட்டு. நர்ஸம்மா நோட்டைப் பிரித்தார்.

"பிடித்து நடை. பதிமூணு மாசத்துக்கு இது போதும். நடைக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லன்னு நூறு தடவை சொல்லியாச்சு. நீங்க வச்ச பரீட்சை, நீங்களே திருத்துங்க."

அண்ணாச்சி குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். மகன் ஜாடை தெரிந்ததோ என்னவோ. பிறகு, "பெட்டிய எடுத்து உள்ள வைங்க. புரையிலயே இருந்துட்டுப் போட்டும்" என்றார். வீட்டுக்குள் வரட்டும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை உலகம்மாள் கொழுக்கட்டை அவித்தாள். வழக்கப்படி தெருவுக்குச் சொன்னாள். முடுக்கு வாசலில் கோலம் போட்டு, தட்டை வைத்துக் காத்திருந்தாள். அன்றைக்குப் பார்த்துத் தெருவில் பாதிப் பேருக்கு விரதம், மீதிப் பேருக்கு வயிற்று வலி. நர்ஸம்மா மட்டும் உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்.

நான் முடுக்கு வழியாகப் போனேன். ரேஷன் கடைக்கு அதுதான் சுருக்கு வழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரேஷன் கடை எதிர்ப்பக்கத்தில் இருந்தது.

"வாங்க மயினி" என்றாள் உலகம்மாள், வாசப்படிக்குள் நின்றுகொண்டு. என் காலைத்தான் பார்த்தாள்.

கால் நகரவில்லை. அப்போது நர்ஸம்மா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தார். என்னைப் பார்த்துக் குலுக்கினார். வாசப்படிக்கு உட்பக்கம், இரண்டடி தள்ளித் தரையில் வைத்துவிட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார்.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். உலகம்மாள் தட்டை நீட்டினாள். ஒன்று தின்றேன். தேங்காய் தாராளமாகப் போட்டிருந்தாள். இன்னொன்றும் தின்றேன். குழல் வந்து என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று, என் வாயையே பார்த்தது.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினேன். உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். கதவைச் சாத்திக்கொண்டுதான். இதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் குழலுக்கு நோய் இருந்ததா இல்லையா என்று இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். நான் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொண்டு, அன்றைக்கு அந்தக் கொழுக்கட்டையைத் தின்றிருக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யப் பார்க்கிறார்கள்.

தை பிறந்ததும் நர்ஸம்மாவுக்கு ஆலங்குளத்துக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ள வந்தபோது, வெகுநாளைக்கப்புறம் என் சிவப்புத் தரையில் உட்கார்ந்து, நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். மேலே எங்கள் தெருவின் பேர் போட்டு, பெரியவர்கள் என்று எழுதியிருந்தது. முதல் வரியில் என் பேர், வயது முப்பத்தொன்று. அதற்குக் கீழே பக்கம் முழுக்க வெறும் கோடு. யார் பேரும் ஏறவில்லை.

என் வரியில் வாசப்படி வரைக்கும் டிக் அடித்து, கொழுக்கட்டை தின்ற அந்த வெள்ளிக்கிழமைத் தேதியும் போட்டிருந்தார். பிடித்து நடை என்ற கட்டத்திலும் டிக் இருந்தது. தனி நடைக் கட்டத்தில் மட்டும் பேனா படவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு கை கழுவியது அந்தம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.